சல்லடையில் தங்கிய ஊர்

தமிழகத்திலிருந்து வந்திருந்த நண்பர் ஒருவருக்கு மன்னார்க் கரையின் படத்தை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். மரிச்சுக்கட்டி, கொண்டச்சி, சிலாவத்துறை என்று தெற்கிலிருந்து விரலை மேலே ஓட்டி, அருவியாறு கடலில் விழும் இடத்தருகே ‘அரிப்பு’ என்று வாசித்ததும் அவர் சிரித்துவிட்டார். “ஊருக்கு இப்படியா பேர் வைப்பாங்க? படிச்சதுமே சொறியணும்போல இருக்கே” என்றார்.

எங்களுக்கு அந்தச் சிரிப்பு வருவதில்லை. ஈழத்துப் பேச்சில் தோல் அரிப்பது குறைவு, கடிப்பதே வழக்கம். நுளம்பு குத்தினாலும் “கடிக்குது”, சிரங்கு வந்தாலும் “கடிக்குது”. வைத்தியரிடம் போய் “உடம்பெல்லாம் கடி, ஐயா” என்றால் அவர் நாயையோ பாம்பையோ தேடமாட்டார். ஆகவே அரிப்பு என்ற ஊர்ப்பெயர் இங்குள்ளவர் காதில் நோயாக விழுவதில்லை. பின் என்னவாக விழுகிறது என்று கேட்டால் பலருக்கும் உடனே பதில் வராது. வேறு எதுவாகவும் கேளாமல் ஊராக மட்டும் கேட்கும் அளவுக்குப் பழகிப்போன பெயர் அது.

வேரைத் தேடுமுன் ஒரு வலையை விலக்கிவைக்க வேண்டும். வடமொழி ‘ஹரி’ தமிழில் அரியாகும். திருமால், சிங்கம், குரங்கு, கதிரவன், காற்று, கிளி, தவளை என்று அமரகோசம் அதற்குப் பொருள்களை அடுக்கிக்கொண்டே போகிறது. ஊர்ப்பெயர் ஆராய்பவர்களுக்கு இப்படியொரு பட்டியல் கிடைத்துவிட்டால் போதும், அரிபுரம் என்றொரு பழம்பதி இருந்தது என்று எழுதத் தொடங்கிவிடுவார்கள். நமக்கு வேண்டியது தமிழ் அரி. அது இரண்டு கிளையாகப் பிரிகிறது. நெல்லை அரிந்தான் என்பது ஒன்று, மாவை அரித்தான் என்பது மற்றது. முதலாவது வெட்டுவது. அரிவாள் அதில் பிறந்தது. வன்னி வயல்களில் நெல் அறுவடையை ‘அருவி வெட்டு’ என்கிறார்களே, அந்த அருவியும் (அரிவி என்றும் சொல்வார்கள்) இந்தக் கிளைதான். ஆனால் அரிதலிலிருந்து வரும் பெயர்ச்சொல் அரிவு. அரித்தலிலிருந்து வருவதுதான் அரிப்பு. எனவே இந்த ஊரில் யாரோ எதையோ வெட்டினார்கள் என்பதைவிட, யாரோ எதையோ அரித்தார்கள் என்று கொள்வதற்கே இலக்கணம் இடம் தருகிறது.

அரித்தல் என்றால் என்னவென்று அகராதியைப் புரட்டாமலே அம்மாவின் குசினியில் பார்த்திருக்கிறேன். அரிக்கன் சட்டி என்றொரு மண்சட்டி. உட்புறம் வரிவரியாகக் கீறிய பள்ளங்கள். தண்ணீர் விட்டு அரிசியைச் சுழற்றிச் சுழற்றி வேறொரு பாத்திரத்துக்கு வார்த்தால், கல்லும் மண்ணும் அந்த வரிகளில் தங்கிவிடும். மா அரிப்பதற்கு அரிதட்டு. இடியப்பத்துக்கு மா அரித்து முடித்ததும் தட்டில் மிஞ்சும் கட்டிகளைக் கொட்டமாட்டார்கள், திரும்ப இடிப்பார்கள். இங்கே ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடலாம். அதே குசினி முகட்டில் தொங்கிய விளக்குக்கும் பெயர் அரிக்கன் லாம்பு. அந்த அரிக்கன் சூறாவளியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் திரிபு. காற்றில் அணையாத விளக்கு என்பதால் கப்பலேறி வந்த பெயர். சட்டிக்கும் லாம்புக்கும் ஒட்டு உறவு ஏதும் கிடையாது. ஒரே கூரையின் கீழ், ஒரே ஒலியில், முன்பின் அறியாத இரண்டு சொற்கள். ஊர்ப்பெயரில் கை வைப்பவர்கள் இந்தச் சட்டியையும் லாம்பையும் அடிக்கடி நினைத்துக்கொள்வது நல்லது.

பழைய அகராதிகளில் ‘அரிப்புக்காரன்’ என்று ஒரு தொழிலாளி இருக்கிறான். தட்டாரப் பட்டறைக் குப்பையையும் சாம்பலையும் வாங்கிக் கழுவி, அரித்து, அதில் சிந்திய பொன்துகளைப் பொறுக்குபவன். மலையாளத்தில் சல்லடைக்கே அரிப்ப என்றுதான் பெயர். கொல்லம் மாவட்டத்துக் குளத்தூப்புழைப் பக்கம் அதே பெயரில் ஒரு காட்டுப்பகுதி இருக்கிறது.  அந்தப் பெயருக்கும் நம் ஊருக்கும் முடிச்சுப்போட நான் துணியவில்லை. ட்ரினிடாட் தீவின் மிக உயர்ந்த மலைக்கும் அரிப்போ என்றுதான் பெயர். அதைத் தமிழர் வைத்தார்கள் என்று யாரும் சொல்லாமலிருக்கட்டும்.

இந்தக் கரையில் அரிக்கப்பட்டது எது என்பதில் எனக்கு அதிகம் ஐயமில்லை. அரிப்பிலிருந்து பார்த்தால் மேற்கே கடலடியில் பாறைத் திட்டுகள் பரந்து கிடக்கின்றன. முத்துச்சிப்பி ஒட்டி வளரும் அந்தத் திட்டுகளைப் ‘பார்’ என்பார்கள். பெரிய பார், மோதரகம் பார் என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் உண்டு. முத்துக்குளிப்பு நடந்த பருவத்துக்குச் சலாபம் என்று பெயர். சிலாவத்துறை என்ற அயலூர்ப் பெயரில் இருப்பதும் அதுதான் என்பது பலரும் ஏற்ற விளக்கம். குளித்தெடுத்த சிப்பியை உயிரோடு பிளந்து முத்துத் தேடியதில்லை. குவித்து, வெயிலில் ஒரு வாரத்துக்கு மேல் அழுகவிடுவார்கள். ஈ மொய்த்து, புழு தின்று, சதை கரைந்த பிறகு கடல்நீரில் அலசுவார்கள். மிஞ்சுவது மணலும் ஓட்டுத் துணுக்கும் முத்தும் கலந்த கசடு. அதைக் காயவைத்து அரித்தால்தான் முத்து.

முத்தை எடுத்த பிறகும் அரிப்பு முடிவதில்லை. தரம் பிரிக்கப் பத்துப் பித்தளைச் சல்லடைகள் இருந்தன. முதலாவதில் 20 துளை. அடுத்தடுத்து 30, 50, 80, 100 என்று கூடி, கடைசிச் சல்லடையில் 1,000 துளை. பெரிய முத்து 20இல் தங்கும், அடுத்த பருமன் 30இல் தங்கும், இப்படியே இறங்கி 1,000 துளையும் தப்பிப் போவது வெறும் தூள். அதையும் விற்றார்கள், சுட்டுச் சுண்ணமாக்கி வெற்றிலையோடு போட்டுக்கொள்ளச் செல்வர்கள் இருந்தார்கள். இந்தச் சல்லடை வரிசையை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். புகையைப் பற்றிப் பேசும்போது அது திரும்ப வரும்.

வெளியார் எழுத்தில் இந்தப் பெயர் காட்டுவழியாகவே வந்து சேர்ந்தது என்பது எனக்குப் பிடித்த செய்தி. 1660இல் கொட்டியாரக் கரையில் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்ட ஆங்கிலக் கப்பலோட்டி றொபேட் நொக்ஸ், பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் மலைநாட்டில் கைதியாக இருந்துவிட்டு, தோழன் ஸ்டீபன் றட்லண்டோடு தப்பி ஓடினார். அநுராதபுரத்துக்கு வந்து, அங்கிருந்து ஆற்றைப் பிடித்துக்கொண்டார். சிங்களத்தில் மல்வத்து ஓயா, மகாவம்சத்தில் கதம்ப நதி, தமிழில் அருவியாறு. ஏறக்குறைய 164 கிலோமீற்றர் ஓடும், இலங்கையின் இரண்டாவது நீளமான ஆறு. இரு கரையும் அடர்ந்த காடு, யானை, மனிதரைக் கண்டால் அதைவிடப் பயம். ஆறு போகும் திசையே வழி என்று நடந்து, 1679 ஒக்டோபர் 18ஆம் திகதி பிற்பகலில் ஒல்லாந்தரின் கோட்டை வாசலில் போய் நின்றார்கள். இரண்டு கொத்தளங்கள் கொண்ட சின்னக் கோட்டை, முதலில் போர்த்துக்கேயர் கட்டியது. 1681இல் லண்டனில் அச்சான தன் நூலில் நொக்ஸ் அந்த இடத்தை ‘அரெப்பா’ என்று எழுதினார். பிறகு வந்த ஆங்கிலேயர் கோப்புகளில் அது அரிப்போ ஆனது. உயிரெழுத்து இடம் மாறியதே தவிர, ஊர் மாறவில்லை. காட்டை அரித்து இரண்டு மனிதரைக் கரையில் ஒதுக்கிய ஆறு அது. அவர்கள் பார்த்த காடு இன்று எவ்வளவு மிச்சம் என்பதுதான் மேற்கொண்டு பேசவேண்டிய கதை.

ஆற்றின் பெயரையும் விட்டுவிடக் கூடாது. அருவியாறு என்கிறோம், ஆனால் அதில் விழும் அருவி எதுவும் இல்லை. சமதரையில் படுத்துக் கிடக்கும் ஆறு. அருவி என்ற சொல் மலையிலிருந்து விழுவதற்கென்று ஒடுங்குமுன் ஓடும் நீருக்கும் வழங்கியிருக்கலாம். ‘அருவி வெட்டு’ என்ற அறுவடைச் சொல்லோடு ஆற்றை இணைத்து, கட்டுக்கரைக் குளத்து வயல்களுக்கு நீர் கொடுக்கும் ஆறு ஆதலால் அந்தப் பெயர் என்று ஒரு கட்டுரை எழுத எனக்கே ஒருமுறை ஆசை வந்தது. அரிக்கன் லாம்பை நினைத்து அடங்கிவிட்டேன்.

ஆறு கடந்து வந்த காட்டின் பெயர்களைப் பார்ப்போம். அரிப்பிலிருந்து தெற்கே மரிச்சுக்கட்டிப் பாதையில் போனால் ஊர்ப்பெயர்களே மரக்கணக்கு எடுத்துவிடும். வேப்பங்குளம், அகத்திமுறிப்பு, விளாத்திக்குளம், முள்ளிக்குளம், பாலைக்குளி. அடுத்தது கரடிக்குளி. பாலைக்குளிக்குப் பக்கத்தில் கரடிக்குளி அமைந்தது தற்செயல் என்று நான் நம்பத் தயாரில்லை. வைகாசி, ஆனி, ஆடியில் பாலைமரம் மஞ்சள் பழமாகத் தொங்கும்போது கரடி அதன் அடியில்தான் இருக்கும். வன்னிச் சந்திகளில் பாலைப்பழம் விற்பவர்களைக் கேட்டால் மரத்துக்கு மனிதர் முந்தினார்களா கரடி முந்தியதா என்று கதை கதையாகச் சொல்வார்கள். சங்க இலக்கியத்தில் பாலை என்றால் வெந்து காய்ந்த நிலம். இங்கே அதே பெயருள்ள மரம், ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 மில்லிமீற்றர் மழையே பெய்யும் வரண்ட மண்ணில், ஆண்டு முழுவதும் பச்சையாக நிற்கிறது. வீரை, முதிரை, கருங்காலி, பாலை. மழை மூன்று மாதத்தில் கொட்டித்தீர்த்துவிட்டு ஒன்பது மாதம் முகம் காட்டாத நாட்டில் இலையைக் கைவிடாத காடு. அந்தக் காட்டின் தென்பகுதிதான் வில்பத்து. மழைநீர் தேங்கும் இயற்கையான ஏரிகளுக்கு வில்லு என்று பெயர், அதிலிருந்து வந்த பெயர். 1905இல் சரணாலயம், 1938இல் தேசிய வனம், 1,300 சதுர கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட.

‘காடு’ என்ற சொல்லே ஒரு வம்புக்காரச் சொல். எங்கள் வழக்கில் அது மரங்கள் அடர்ந்த இடம் மட்டுமில்லை. ஆளில்லாத இடம் எல்லாம் காடுதான். கவனிப்பாரற்ற வளவு காடு பத்திப்போனது என்போம். பிணம் சுடும் இடம் சுடுகாடு. எரித்த மறுநாள் அங்கே போய்த் தண்ணீர் தெளித்து, சாம்பலில் எலும்பு பொறுக்கி எடுக்கும் சடங்குக்குப் பெயர் காடாற்று, பேச்சில் காடாத்து. எரிந்த காட்டை ஆற்றுவது என்று நேர்ப்பொருள். மனிதன் எரிந்தால் காட்டை ஆற்றச் சடங்கு வைத்திருந்த மொழியில், காடு எரிந்தால் ஆற்றுவதற்கு ஒரு சொல் இல்லை. காட்டுத்தீ என்ற சொல் இருக்கிறது. ஆனால் அதை நாம் வதந்திக்கு உவமையாகச் செலவழித்துவிட்டோம். செய்தி காட்டுத்தீபோல் பரவியது என்று எழுதுபவர்களில் எத்தனைபேர் காட்டுத்தீயைக் கண்டவர்கள்?

தீ இந்தக் காட்டுக்குப் புதிதில்லை. சேனை என்ற சொல் எங்களுக்கும் சிங்களவருக்கும் பொது, அவர்களிடம் அது ஹேன. சோளகக் காற்று வீசும் ஆனி ஆடியில் காட்டை வெட்டி விழுத்துவது, வெயிலில் காயவிடுவது, ஆவணி புரட்டாதியில் கொளுத்துவது, ஐப்பசியில் முதல் மழையோடு குரக்கனும் எள்ளும் சோளனும் தூவுவது. இரண்டு மூன்று போகம் கண்டபிறகு பத்துப் பதினைந்து ஆண்டு காட்டுக்கே விட்டுவிடுவது. சங்கப் பாட்டில் புனம் என்றதும் இதைத்தான், மலபாரில் அந்தப் பெயர் நெடுநாள் நிலைத்திருந்தது. அளவோடு நடந்தவரை இதில் கணக்கு நேராக இருந்தது. எரித்தபோது வானத்துக்குப் போன கரியை, திரும்ப வளர்ந்த மரம் பதினைந்து ஆண்டில் இறக்கிக்கொண்டது. ஓய்வு மூன்று நான்கு ஆண்டாகச் சுருங்கியதும் கணக்குத் தப்பியது. பாலையும் வீரையும் திரும்ப வர நேரம் இல்லாமல் இலந்தையும் சூரையும் பற்றையாக மூடின. பற்றை சுலபமாகக் காயும், சுலபமாக எரியும், அடுத்த தீக்கு அதுவே விறகாகும். இலங்கையில் மின்னல் விழுந்து காடு எரிவது அரிது. புதுப்புல் முளைத்தால் மான் வருமென்று வேட்டைக்காரன் வைப்பது, மாட்டுக்கு மேய்ச்சல் வேண்டி வைப்பது, தேனெடுப்பவன் பந்தத்தை அணைக்காமல் போவது, சேனைத்தீ எல்லை தாண்டுவது, இவைதான். கலிபோர்னியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் சில மரங்களுக்கு நெருப்புப் பட்டால்தான் விதை வெடிக்கும். இங்குள்ள காட்டுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. எங்கள் கரையில் தீயைத் தாங்கத் தெரிந்த மரம் என்று கைகாட்ட வேண்டுமானால் மன்னார்த் தீவின் பெருக்கமரத்தைக் காட்டலாம். ஆபிரிக்காவிலிருந்து அராபிய வணிகரோடு வந்த மரம், பள்ளிமுனையில் வீடுபோல் பருத்து நிற்கிறது. தீ உள்ள ஊரில் பிறந்து, தீ தானாக மூளாத ஊருக்குக் குடிவந்த மரம்.

தீக்குச்சி போட்டவனைவிடப் பேனா பிடித்தவன் காட்டுக்கு அதிகம் செய்திருக்கிறான். காடு, தரிசு, ஆளில்லாத, பயிரிடாத நிலமெல்லாம் முடிக்குரியதென்று எடுத்துக்கொள்ளப்படும் என்றது 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். நம் பேச்சில் ‘காடு’ என்ற சொல்லுக்கிருந்த அதே தாராளம் அந்தச் சட்டத்திலும் இருந்தது. ஆளில்லாவிட்டால் காடு, காடென்றால் அரசுக்கு. மலையகத்தில் அந்தக் காடுகள் கோப்பித் தோட்டமாகவும் பிறகு தேயிலையாகவும் மாறின. 1956இல் நாட்டின் பரப்பில் 44 வீதமாக இருந்த காடு 2010இல் 30 வீதத்துக்குக் கிட்ட வந்துவிட்டது.

‘காடு’ என்ற அதே சொல், அரிப்பு அடங்கிய முசலிப் பிரதேசத்தில் வேறு வடிவில் திரும்பியது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்கள் எல்லோரையும் வெளியேற்றினார்கள். மரிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குளி மக்கள் புத்தளத்துக் கொட்டில்களில் இருபது ஆண்டுக்குமேல் காலம் கழித்தார்கள். ஊர் ஆளற்றுப்போனது. ஆளற்ற இடத்தில் இந்த மண் என்ன செய்யுமோ அதைச் செய்தது. கிணற்றைச் சுற்றிப் பற்றை, முற்றத்தில் வீரை. போர் முடிந்து அவர்கள் திரும்பியபோது, 2012 ஒக்டோபர் வர்த்தமானியில் அந்தப் பகுதி ஒதுக்குக் காடாகியிருந்தது. வில்பத்தை அழிக்கிறார்கள் என்று தெற்கில் பெரும் கூச்சல் எழுந்தது. வில்பத்துத் தேசிய வனத்துக்கு வடக்கே, அதன் எல்லைக்கு வெளியே இருந்த நிலம் இது என்பது அந்தக் கூச்சலில் பலருக்குக் கேட்கவில்லை. அதேவேளை பழைய ஊரெல்லைக்கு அப்பாலும் காடு வெட்டப்பட்டது என்ற குற்றச்சாட்டை வெறும் இனவாதம் என்று தள்ளிவிடவும் முடியாது. 2017இல் இப்பகுதிக் காடுகளைச் சேர்த்து 40,030 ஹெக்டேயரை மாவில்லு பேணற்காடு என்று அறிவித்தார்கள். 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம், காடு வெட்டியது சட்டத்துக்கு மாறு என்று தீர்ப்பளித்து, திரும்ப மரம் நடும் செலவை ஒரு முன்னாள் அமைச்சர் ஏற்கவேண்டும் என்றது. ஒரு கிழவியின் முற்றம் எது, கரடியின் காடு எது என்று ஒவ்வொரு காணியாகப் பார்த்திருக்க வேண்டிய வேலை. கல்லையும் அரிசியையும் ஒன்றாகவே சட்டியில் விட்டு, சட்டி யாருடையது என்று வழக்காடினோம்.

இனிப் புகை. முத்துச் சல்லடையை இங்கே எடுத்துக்கொள்ளலாம். காற்றிலுள்ள தூசைத் துகளின் பருமனை வைத்துத்தான் தரம் பிரிக்கிறார்கள். 10 மைக்ரோமீற்றருக்குக் கீழே ஒரு தரம், 2.5க்குக் கீழே இன்னொரு தரம். மனித உடம்பிலும் சல்லடை வரிசை உண்டு. பெருந்தூசை மூக்குமயிர் நிறுத்தும். அதற்குத் தப்பியதைத் தொண்டைச் சளி பிடிக்கும். 2.5க்குக் கீழ்ப்பட்டது எல்லாத் துளையும் தாண்டி நுரையீரலின் அடிக்குப் போகும், மிகச் சிறியது இரத்தத்திலும் கலக்கும். முத்தில் 1,000 துளையும் தப்பியது மலிவான தூள். புகையில் அப்படித் தப்பியதுதான் ஆளைக் கொல்வது. விறகும் இலையும் எரியும் புகையில் பெரும்பங்கு இந்தத் தரம். ஆஸ்துமா, மாரடைப்பு, பாரிசவாதம் மூன்றுக்கும் அது வழி. 2000 முதல் 2019 வரையான தரவுகளை ஆராய்ந்து 2024இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு, காடும் புல்லும் வயலும் எரியும் தீயின் புகையால் உலகில் ஆண்டுக்குப் 15 லட்சத்துக்கு மேற்பட்ட மரணங்கள் என்று கணக்கிட்டது. அவற்றில் பத்தில் ஒன்பதுக்கு மேல் எங்களைப் போன்ற வருமானம் குறைந்த, நடுத்தர நாடுகளில்.

தேனி மாவட்டத்துக் குரங்கணியில் 2018 மார்ச்சில் மலையேறப் போனவர்கள் இருபதுக்கு மேற்பட்டோர் தீயில் சிக்கி இறந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். சுடர் பட்டு இறப்பவர்களின் பெயர் செய்தியில் வரும். புகையால் இறப்பவர் ஏதோ ஓர் ஆஸ்பத்திரியில் நெஞ்சுவலி என்ற பெயரில் இறந்துபோவார். புகை பிறந்த இடத்துக்கும் அவருக்கும் நூற்றுக்கணக்கான மைல் இருக்கலாம். 2022 டிசம்பரில் அதை நாங்கள் பார்த்தோம். மன்டூஸ் புயல் வங்காள விரிகுடாவில் நின்று இந்தியப் பக்கத்து அழுக்குக் காற்றை இழுத்து இலங்கைமீது விட்டது. வடக்கில் பகலிலேயே வானம் மங்கியது. “புகாராயிருக்கு” என்றார்கள். தமிழகத்தில் புகார் என்றால் முறைப்பாடு, எங்களுக்கு அது மூடுபனி. அன்றைய புகாரில் பனியைவிடப் புகையே கூட. டிசம்பர் 9ஆம் திகதி பாடசாலைகளை மூடினார்கள். எல்லைக் கடலில் மீன்பிடிப் படகுக்கு இருக்கும் கெடுபிடி புகைக்கு இல்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு அடுப்பைச் சொல்லாமல் விட்டால் கணக்கில் நேர்மை இருக்காது. வீட்டுக்குள் விறகும் கரியும் எரிக்கும் புகையால் 2020இல் உலகில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. காட்டுத்தீக் கணக்கின் இரண்டு மடங்கு. அரிக்கன் சட்டியில் அரித்த அரிசியை உலையிலிட்டுக் குழலால் ஊதிய அம்மாக்களின் கண் எரிந்தது, இருமினார்கள், வயதானபோது இழுப்பு வந்தது. அதை யாரும் காட்டோடு சேர்த்துப் பேசியதில்லை. ஆனால் அந்த விறகும் காட்டிலிருந்துதான் வந்தது. நோய்ப் பெயர்களில் நாம் நியாயமாக நடந்துகொண்டதும் இல்லை. மலேரியாவைக் காட்டுக்காய்ச்சல் என்று காட்டின் தலையில் கட்டினோம். நுளம்பு பெருகியது வெட்டிய காட்டின் குழிகளிலும் கைவிட்ட குளங்களிலும். 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடென்று சான்று பெற்றது, காடு அப்போதும் இருந்தது.

எரிந்த காட்டுக்கும் அரிப்புக்கும் இன்னொரு தொடர்பு மண் வழியாக. தீ கடுமையாக எரிந்த இடத்தில் இலைச்சருகின் எண்ணெய்ப்பசை ஆவியாகி, மேல்மண்ணுக்குச் சற்றுக் கீழே படிந்துவிடும். மண் அப்போது மெழுகு தடவிய தாள்போல் தண்ணீரை உள்ளே விடாது. ஐப்பசியில் வாடைக்காற்றோடு வரும் முதல் மழை உறிஞ்சப்படாமல் ஓடும், சாம்பலையும் மேல்மண்ணையும் வழித்துக்கொண்டு ஓடும். இதற்குப் பாடப்புத்தகச் சொல் மண்ணரிப்பு. அது ஆற்றில் சேர்ந்து, ஆறு கடலில் சேர்ந்து, சேறு பாரில் படிந்தால் சிப்பிக்குஞ்சு மூச்சுமுட்டிச் சாகும். முத்துக்குளிப்பு நின்றதற்கு இதுதான் காரணம் என்று நான் சொல்லவரவில்லை. கடைசிப் பெரிய சலாபங்கள் 1903 முதல் 1907 வரை நடந்து ஓய்ந்தன. அளவுக்குமீறி அள்ளியதும் கடலடி மணல் நகர்ந்ததும் என்று காரணங்கள் பல. இலங்கை அரசின் அழைப்பில் 1902இல் வந்து ஆராய்ந்த விலங்கியலாளர் ஹேர்ட்மன், பெரிய பாரில் ஆண்டுதோறும் குஞ்சுகள் வந்து படிவதையும், சோளகக் காலத்து மணலோட்டத்தில் காணாமற் போவதையும் பார்த்துத் தலையைப் பிடித்துக்கொண்டார்.

மண்ணரிப்பு, கடலரிப்பு என்று அலுவலகமும் பாடசாலையும் பேசத் தொடங்கிய பிறகு ஊர்ப்பெயரின் பொருளும் கேட்பவர் மனதில் மெல்ல நகர்ந்துவிட்டது. இன்றைய இளம் ஆசிரியரைக் கேட்டால், கடல் அரிப்பதால் அரிப்பு என்பார். கைநீட்டிக் காட்ட அவருக்குச் சான்றும் இருக்கிறது. முதல் பிரித்தானிய ஆளுநர் பிரடெரிக் நோர்த், முத்துக்குளிப்பைப் பார்வையிடவென்று 1801க்கும் 1804க்கும் இடையில் இந்தக் கரையில் கிரேக்கத் தூண்களோடு ஒரு மாளிகை கட்டினார். ஆங்கிலத்தில் டொரிக், ஊரார் வாயில் அல்லிராணிக் கோட்டை. கதைகளில் வரும் அல்லி அரசாணிக்கும் நோர்த்துக்கும் இடையில் எத்தனை நூற்றாண்டு என்று ஊரார் கவலைப்படவில்லை. சுவருக்குப் பூசிய காரை, முத்தெடுத்தபின் மிஞ்சிய சிப்பியைச் சூளையில் சுட்ட சுண்ணாம்பு. சலவைக்கல்போல் பளபளத்தது என்று அதைப் பார்த்த கோர்டினர் பாதிரியார் 1807இல் அச்சான தன் நூலில் வியந்திருக்கிறார். சூளைக்கு விறகு பக்கத்துக் காடுதான் கொடுத்திருக்கும். கடலும் காடும் சேர்ந்து வெந்த வீடு. இன்று கூரை கிடையாது. மேற்குப் பக்கத்துச் சுவர்கள் ஒவ்வொரு சோளகத்திலும் கட்டிகட்டியாகக் கீழே இறங்குகின்றன. உடைந்த காரையை எடுத்துப் பார்த்தால் சரியாக வேகாத சிப்பித்துண்டு சில அதில் மினுங்குவது தெரியும்.

நொக்ஸ் ‘அரெப்பா’ என்று எழுதியபோது இந்தச் சுவரும் இல்லை, கடலரிப்பு என்ற சொல்லைக் கோப்பில் எழுத ஒரு திணைக்களமும் இல்லை. சிப்பி அழுகும் நாற்றமும் சல்லடையும் இருந்தன. நான் சல்லடைப் பக்கமே நிற்கிறேன். கரையில் வலை தெரிந்துகொண்டிருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் அதற்கு வலுவான சாட்சி கிடைக்கும். கோட்டைச் சுவர் எங்கே போனது என்று கேட்டால், அரித்துவிட்டது என்று சொல்லமாட்டார்கள். வலையிலிருந்து கண் எடுக்காமல் சொல்வார்கள்: “அதைக் கடல் எடுத்துப்போட்டுது.”